முட்டத்துச் சிங்கி இறால் கடை: முட்டை வைத்ததைக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள்

நாகர்கோவில் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிற நண்பர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி, சிங்கி இறால் (லாப்ஸ்டர்) எங்கே நல்லா கிடைக்கும் என்பது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில் இருக்கிற சின்னக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஓட்டுக்கூரை, வெளியே நாலு மேஜை, வாசலில் சிமெண்டுத் தொட்டி, அதில் கடல் தண்ணீரும் காற்றுக்குழாயும். அண்ணன் காலையில் கடற்கரை ஏலத்தில் எடுத்து வருவார், அக்கா சமைப்பார். தொட்டியில் பார்த்துப் பொறுக்கி அங்கேயே சாப்பிடலாம், சமைக்காமல் வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

ஆனால் இந்தக் கடையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எங்கள் வட்டத்தில் சண்டைதான். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேர், காசு கொடுத்தும் கேட்டதைத் தரமாட்டேன் என்கிற கடைக்கு எதுக்குப் போகணும் என்று கேட்கிறார்கள். அந்த மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அவர்கள் குறையாகச் சொல்கிற விஷயத்துக்காகவே நான் இந்தக் கடைக்குப் போகிறேன்.

போன தடவை நான் இருந்தபோது வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. தொட்டியில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார்கள். அண்ணன் முதுகு ஓட்டில் பிடித்துத் தூக்கித் திருப்பிக் காட்டினார். வாலுக்கு அடியில் இருக்கிற சின்னச் சின்னத் துடுப்புகளில் ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாக முட்டை, கொத்தாக ஒட்டியிருந்தது. "இது வேண்டாம் மக்களே, முட்டை கெடக்கு. வேற எடுத்துத் தாறேன்" என்றார். வந்தவர் விடவில்லை. "முட்டையோட இருந்தாத்தானே ருசி? எக்ஸ்ட்ரா வேணும்னா குடுத்துடறேன்" என்கிறார். அண்ணன் அதைக் கொண்டுபோய் தொட்டியின் மறுபக்கம், பலகை வைத்துத் தடுத்த இடத்தில் விட்டுவிட்டு வந்தார். ஏலத்தில் மொத்தமாக எடுக்கும்போது இப்படிச் சிலது கலந்து வந்துவிடும், அதையெல்லாம் சாயங்காலம் சிங்கி பிடிக்கக் கூடு வைக்கப் போகிற வள்ளத்தில் கொடுத்துக் கடலில் விடச் சொல்கிறார். அதற்கும் சேர்த்து அவர் ஏலத்தில் காசு கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முட்டை ருசி என்கிற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு மீன் சினை பிடிக்கும், அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். சிங்கியில் ருசியாக இருப்பது தலைக்குள்ளே இருக்கிற சினை. வெளியே வந்து வாலடியில் ஒட்டிவிட்ட முட்டையில் ஒன்றும் கிடையாது, மணல் மாதிரி நறநறவென்று வாயில் நிற்கும். ஒரு தாயிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். பொரிந்து வருகிற குஞ்சு கண்ணாடி போல உடல் தெரிய மாதக்கணக்கில் கடலில் மிதந்து திரிந்து, அதில் மிகச் சிலதுதான் பாறைக்கு வந்து சேருகிறது. நாக்குக்கு ஒன்றும் கிடைக்காத ஒரு பொருளுக்காக இதை அழிப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

அடுத்த புகார், சின்ன சைஸ் தரமாட்டேங்கிறார் என்பது. 2003இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை விதித்தது. நம் பக்கம் அதிகம் கிடைக்கிற பாறைச் சிங்கி முழுசாக இருந்தால் 200 கிராம், சேற்றுப் பாங்கான இடங்களில் வாழும் வகைக்கு 300 கிராம், பெரிதாக வளரும் வகைக்கு 500 கிராம், ஸ்லிப்பர் என்று விற்கிற தட்டை வகைக்கு 150 கிராம். ஆனால் இது ஏற்றுமதிக்கான விதி. கம்பெனிக்காரன் வேண்டாம் என்று தள்ளுகிற குட்டி எங்கே போகும்? உள்ளூர் ஹோட்டல் தட்டுக்குத்தான் வரும். கன்னியாகுமரி சுற்றுலாப் பாதையில் ஒரு ஹோட்டலில் உள்ளங்கை நீளம்கூட இல்லாத சிங்கியை இரண்டாகப் பிளந்து ஸ்டார்டர் என்று வைத்தார்கள். ஓட்டைத் தள்ளினால் இரண்டு வாய் சதை. அடுத்த மேஜையில் ஆர்டர் மேல் ஆர்டர். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முட்டத்து அண்ணன் எந்த அதிகாரியும் கேட்காத ஒரு விதியைத் தன் கடைக்குத் தானே போட்டுக்கொண்டு, தராசில் 200 காட்டாத எதையும் தொட்டியில் வைப்பதில்லை. இதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

பிடிக்கிற விதத்திலும் அவருக்குப் பிடிவாதம் உண்டு. கூட்டில் ஏறிய சிங்கிக்கு ஏலத்தில் கொஞ்சம் கூடுதல் கொடுத்தாவது எடுப்பார். குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கம் பனைமட்டை நாரில் கூடு முடைந்து, சிப்பியை உடைத்து இரையாக வைத்து, பாறை ஓரம் இறக்குவது பழைய வழக்கம். இப்போது இரும்புச் சட்டத்தில் வலை கட்டிய கூடும் இருக்கிறது. கூட்டில் ஏறினது உயிரோடு, காலும், கொம்பு என்கிற நீள மீசையும் எல்லாம் முழுசாக வரும், குட்டியும் தாயும் ஏறியிருந்தால் அங்கேயே கடலில் விட்டுவிடலாம். டிஸ்கோ வலை என்று சொல்கிற மூன்றடுக்கு வலை அப்படி இல்லை. ராத்திரி முழுக்கக் கிடக்கும், பெரிசு சிறிசு என்று எல்லாவற்றையும் சுருட்டும், பிரித்து எடுக்கும்போதே கால் முறியும், பாதி செத்தே வரும்.

இதைச் சொன்னால் வலைக்காரர்களுக்குக் கோபம் வரும், வர வேண்டியதும்தான். வலையில் சிங்கி மட்டும் விழுவதில்லை, இறாலும் கணவாயும் நாக்குமீனும் விழுந்தால்தான் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியும். கூடு முடைய ஆள் இல்லை, காற்றடித்தால் கூடு பாறையில் மோதி உடையும், அந்த நஷ்டத்தை யார் தருவார்கள் என்று ஒரு மீனவர் கடற்கரையில் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. என் கட்சி கூடு என்றாலும், நான்கு விசைப்படகு வைத்திருக்கிறவரையும் ஒற்றை வள்ளக்காரரையும் ஒரே தராசில் நிறுத்தி உபதேசம் பண்ண எனக்கு மனசு வராது. ஆனால் வாங்குகிற நாம் கூட்டுச் சிங்கிக்கு அம்பது நூறு கூடக் கொடுத்தால் கூடு வைக்கிறவர் தொழிலை விடமாட்டார். இந்தக் கடை அதைத்தான் செய்கிறது. விலை ஜாஸ்தி என்று புகார் சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விலை என்றதும் ஒரு உபாயம் சொல்கிறேன். நான் போன அன்றைக்கு முழுச் சிங்கி கிலோ 2,000 ரூபாய். அதிலேயே கொம்பு ஒடிந்தது, கால் ஒன்றிரண்டு போனது 1,600. ஏற்றுமதிக்காரர்கள் உயிரோடு மரத்தூளில் வைத்து அனுப்புவதால் உறுப்பு குறையில்லாததைத்தான் பொறுக்குவார்கள். நமக்குக் கொம்பு எதற்கு? சதை வாலில்தானே இருக்கிறது. ஒடிந்ததையே கேட்டு வாங்குங்கள். தூக்கினதும் வாலைப் படபடவென்று அடித்து உள்பக்கம் மடக்க வேண்டும், தொங்கவிட்டால் வேண்டாம். தலையோட்டின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அட்டை போல அமுங்கினால் புதிதாக ஓடு கழற்றியது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும், காசு தண்டம். பெண் எது என்று தெரிய வேண்டுமானால் கடைசி ஜோடிக் கால் நுனியைப் பாருங்கள், சின்னதாகக் கிடுக்கி போல இருந்தால் பெண். செத்து நேரமானதை ஐஸில் வைத்து விற்கிறவர்களிடம் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சிங்கி செத்த கொஞ்ச நேரத்திலேயே சதை உள்ளுக்குள் குழைய ஆரம்பித்துவிடும், அப்புறம் என்ன மசாலா போட்டாலும் கொழகொழதான்.

சரி, சமையலுக்கு வருவோம். அக்கா உயிரோடு கொதிக்கிற தண்ணீரில் போடமாட்டார். நுணுக்கின ஐஸில் அரைமணி நேரம் புதைத்து வைப்பார். அசைவு முழுக்க அடங்கினதும் பலகையில் கவிழ்த்து, கனத்த கத்தியால் தலையிலிருந்து வால் வரை ஒரே அழுத்தில் நெடுக்குவாட்டில் பிளந்துவிடுவார். சிங்கிக்கு நரம்பு முடிச்சுகள் உடம்பு நீளத்துக்கும் இருப்பதால் தலையில் மட்டும் குத்தினால் போதாது, இப்படி நெடுகப் பிளப்பதுதான் சரியான முறை. சுவிட்சர்லாந்தில் 2018இலிருந்து மயக்கமாக்காமல் கொதிநீரில் போடுவதற்குத் தடை, பிரிட்டனில் 2022இல் வந்த சட்டம் நண்டு, சிங்கி வகைகளையும் வலியை உணரும் உயிர்கள் என்று ஏற்றுக்கொண்டது. அக்கா அதையெல்லாம் கேட்டுச் செய்யவில்லை. "வெந்நியில போட்டா பதறும், பாக்க முடியாது" என்பதுதான் அவர் சொல்கிற காரணம், எனக்கு அது போதும். உயிரோடு போட்டால்தான் ருசி என்று அடித்துச் சொல்கிற நண்பர்கள் இங்கே ஒருதரம் சாப்பிட்டுப் பார்க்கட்டும். பதறி உதறினதில் கால் கழன்றுபோன சிங்கியைவிட இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

முழுசாக வேண்டும் என்றால் குடலை எடுக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அடங்கின சிங்கியின் நீளக் கொம்பை ஒடித்து, அதன் முள்ளு நுனியை வால் முடிவில் இருக்கிற துவாரத்தில் நுழைத்து, லேசாகத் திருகி இழுத்தால் கறுப்புக் குடல் ஒரே இழையாக வந்துவிடும். வால் ஓட்டில் கீறல்கூட விழாது.

பதார்த்தம் இரண்டுதான். ஒன்று நல்லமிளகுப் பிரட்டல். சின்ன உள்ளியும் பூண்டும் நல்லமிளகும் மஞ்சளும் சேர்த்துச் சதைத்து, பிளந்த சிங்கியில் தடவி, இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சதைப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்துத் திருப்பிப்போட்டு எடுப்பார். கறும்பச்சை ஓடு செக்கச்செவேல் என்று மாறிக்கொண்டு வரும்போதே கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு இறக்கிவிட வேண்டும். அந்தச் சதையில் ஒரு இனிப்பு இருக்கிறது பாருங்கள், மிளகு காரத்துக்குப் பின்னாடி மெதுவாக வந்து நாக்கில் நிற்கும், நண்டிலும் இறாலிலும் அப்படிக் கிடைக்காது. மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்ததோடு சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று தீயல். இங்கேதான் எனக்கும் கடைக்கும் ஒத்துவராது. தேங்காயைக் கருக வறுத்து அரைத்த தீயல் எனக்கு உயிர், ஆனால் கத்தரிக்காயிலும் உள்ளியிலும் இருக்கட்டும். ஆயிரம் ரூபாய்ச் சிங்கியை அதில் போட்டால் வாயில் தெரிவது தேங்காயும் புளியும் மல்லியும்தான். அக்காவிடம் சொன்னேன், "எங்க வீட்டுல தீயல்தான், அதுக்குத்தான் ஆளு வருது" என்று முடித்துவிட்டார். ஊர்க்காரர்கள் பலபேர் அவர் கட்சி. நான் மாறுவதாக இல்லை. ஆனால் தலையையும் காலையும் இடித்துப்போட்டு வைக்கிற தலை ரசம் கேட்டு வாங்குங்கள், தனியாகக் காசு வாங்குவதில்லை. வெளியூர்க்காரர்கள் தலையை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள், பார்க்கவே பொறுக்கவில்லை.

பட்டர் கார்லிக் கிடையாது, கேட்டாலும் செய்யமாட்டார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்காக மிளகைக் குறைத்து வெறும் பூண்டு, வெண்ணெயில் ஒன்று செய்து கொடுத்தால் குடி முழுகிப்போகாது. இதில் புகார் சொல்கிறவர்கள் பக்கம்தான் நான்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் ஏறினால் அடுப்பில் கவனம் குறைந்து, சதை ரப்பராகிவிடுகிறது. அரைக்கிலோ சிங்கிக்கு ஏழெட்டு நிமிஷம் போதும், அன்றைக்குப் பன்னிரண்டு பதினைந்து என்று கிடக்கிறது. இந்த விலைக்கு விற்கிற பொருளை அப்படிக் கெடுப்பதை மன்னிக்க முடியாது, கூட்டத்தைக் காத்திருக்கச் சொல்லலாமே. விலை எழுதின பலகை கிடையாது, ஏல விலையைப் பொறுத்து தினமும் மாறும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைக்க என்ன கஷ்டம்? எடைபோடும்போது தண்ணீரை வடியவிட்டுப் போடுகிறார்கள், அதில் நேர்மை. சமையல் கூலி சிங்கி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு: வாரநாளில், பன்னிரண்டரைக்கு முன்னாடி போய்விடுங்கள். ஜூன், ஜூலையில் வேண்டாம். இந்தப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், கடல் கொந்தளிப்பில் வள்ளக்காரர்களும் கூடு வைக்க முடியாது, தொட்டி காலியாகத்தான் கிடக்கும். இரண்டு பேருக்கு 600, 700 கிராமில் கொம்பு ஒடிந்தது ஒன்று, பிரட்டல், கிழங்கு, தலை ரசம். அண்ணன் திருப்பிப் பார்த்து இது வேண்டாம் என்று சொன்னால் தகராறு பண்ணாமல் அடுத்ததை எடுங்கள்.