வெண்புரவியைப் போட்டிக்குத் தூய்மையாக வைத்திருத்தல்: ஒரு நெடுங்கால அனுபவம்

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சவாரிக்கு வந்த தாரோபிரெட் குதிரை ஒன்றைச் சென்னையில் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். வாங்கியபோது இரும்புச் சாம்பல் நிறத்தில், விலாவில் வட்ட வட்டமான வெளிர்புள்ளிகளோடு இருந்தவன், இப்போது முழங்கால்களிலும் வாலின் நடுவிலும் மட்டும் கருமை எஞ்சியிருக்க, ஏறக்குறைய முழு வெள்ளையாகிவிட்டான். இவனை டிரெஸ்ஸாஜ் எனப்படும், குதிரையின் பயிற்சி பெற்ற அசைவுகளை மதிப்பிடும் தேர்வுகளுக்கும் குதிரைக் காட்சிகளுக்கும் தயார்செய்வதில் எது உண்மையில் பயன்பட்டது, எதற்குச் செலவிட்ட பணம் வீண் என்பதை, இத்தகைய குதிரையை வாங்கியிருப்பவர்களுக்காகவும் வாங்க எண்ணியிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

சாம்பல் நிறக் குதிரைகள் கருமையாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுதோறும் வெளுத்துக்கொண்டே போகின்றன. வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகளும் அப்படித்தான். இதற்குக் காரணமான எஸ்.டி.எக்ஸ்.17 மரபணு மாற்றம் 2008ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. நிறம் இழப்பது மயிர் மட்டுமே. அடியில் உள்ள தோல் கருமையாகவே இருக்கும். இது பராமரிப்பவருக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. ஏனெனில் குளிப்பாட்டும்போது நனைந்த மயிர் தோலோடு ஒட்டிக்கொள்ள, குதிரை நீலச்சாம்பல் நிறமாகத் தெரியும். பின்னங்கால் மூட்டில் இருக்கும் மஞ்சள் கறை அந்த நேரத்தில் கண்ணிலேயே படாது. கறை போயிற்றா என்பதை நன்றாக உலர்ந்த பிறகு, அதுவும் காலை வெயிலில் நிறுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே போட்டிக்கு முந்தைய மாலை இருட்டும் நேரத்தில் குளிப்பாட்டி முடிப்பதில் பயனில்லை.

டிரெஸ்ஸாஜ் தேர்வில் நடுவர் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார். மயிரின் வெண்மைக்கென்று அதில் தனி மதிப்பெண் இல்லை. ஆயினும் வெண்குதிரையின் தூய்மை என்பது அன்றாடப் பராமரிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதைக் காட்டுவதாகவே நான் கருதுகிறேன், அதனால்தான் அதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

கறையில் பெரும்பகுதி இரவில்தான் ஏற்படுகிறது. குதிரை நின்றபடியே உறங்கும் என்று சொல்லப்பட்டாலும், ஆழ்ந்த கனவுறக்கத்திற்கு அது படுத்தே ஆக வேண்டும். படுக்கும்போது பின்னங்கால் மூட்டு, முழங்கை, வயிற்றின் பக்கவாட்டு, சில நாள்களில் கன்னமும்கூட ஈரமான லத்தியிலும் சிறுநீரிலும் அழுந்துகின்றன. சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியா மயிரின் மேற்செதில்களைத் தளர்த்திவிட, லத்தியில் உள்ள பச்சை, பழுப்பு நிறமிகள் உள்ளே இறங்கிவிடுகின்றன. குதிரைமசால் என்னும் பசுந்தீவனத்தை அதிகம் தின்னும் குதிரையின் லத்தி கரும்பச்சையாக இருப்பதால் கறையும் அழுத்தமாக விழும். போட்டிக்கு முந்தைய இரவில் குதிரை படுத்துவிடாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டிவைக்கும் வழக்கம் சில லாயங்களில் இன்றும் இருக்கிறது. மறுநாள் உழைக்கவேண்டிய விலங்கின் உறக்கத்தைப் பறித்து வெண்மையைக் காப்பாற்றுவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

எனவே நான் அதிகம் பரிசோதித்தது படுக்கையைத்தான். நெல் வைக்கோல் மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் ஈரத்தை உறிஞ்சாமல் கீழே விட்டுவிடுவதால் மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடியில் சேறாகிவிடும், நனைந்த வைக்கோலே மஞ்சள் சாயமும் விடும். தென்னை நார்க்கழிவை நிறைய எதிர்பார்ப்போடு போட்டுப் பார்த்தேன். ஈரத்தை உறிஞ்சுவதிலும் நாற்றத்தை அடக்குவதிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதிலுள்ள டானின் நனைந்ததும் தேநீர் நிறத்தில் இறங்கி, வெண்மயிரில் பழுப்புக் கறையாகப் படிந்துவிடுகிறது. பழுப்பு அல்லது கருங்குதிரை வைத்திருப்பவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இறுதியில் நான் நிலைத்தது ரப்பர் விரிப்பின்மேல் கனமாகப் பரப்பிய, தூசி சலித்த மரச்சீவலில். மரத்தூள் வேண்டாம்; அது குதிரையின் மூச்சுக்குழாய்க்குக் கேடு. சீவல் எதுவாக இருந்தாலும், இரவு கடைசித் தீவனம் வைக்கும்போது ஒருமுறை லத்தியை அள்ளிவிடுவது பெரிய மாற்றத்தைத் தருகிறது. எங்கள் லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இதை ஒருநாளும் தவறவிட்டதில்லை; இவனுடைய வெண்மையில் பெரும்பங்கு அவருடைய அந்த வேலைக்கே உரியது.

அடுத்தது ஊதா நிற ஷாம்பூ. வெள்ளை வேட்டியை நீலம் போட்டு அலசுவதற்குள்ள அதே காரணம்தான் இதற்கும்: மஞ்சளுக்கு எதிர்நிறமான ஊதா மிக மெல்லியதாகப் படியும்போது கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. இது கறையை அகற்றுவதில்லை, மறைக்கிறது என்பதால், முதலில் சாதாரண ஷாம்பூவால் அழுக்கை நீக்கிய பின்பே இதைப் பயன்படுத்த வேண்டும். குப்பியிலிருந்து நேரடியாக ஊற்றாமல் வாளி நீரில் கரைத்து, பஞ்சால் ஒரே சீராகத் தடவி, ஐந்து நிமிடங்களுக்குள் அலசிவிட வேண்டும். வாலில் மட்டும் சற்றுக் கூடுதலாக விடலாம். அதற்குமேல் விட்டால் வெண்மயிரில் கத்தரிப்பூச் சாயல் ஏறி, சில நாள்களுக்குப் போகாது. துணிக்கான சொட்டுநீலத்தைக் குதிரையின் உடலில் பயன்படுத்த நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன், அது தோலுக்காகச் செய்யப்பட்டதன்று. மனிதரின் நரைமுடிக்கென விற்கும் ஊதா ஷாம்பூவை வாலுக்குப் பயன்படுத்தியதில் குறையொன்றும் காணவில்லை. உடலுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம், குதிரைத் தோலின் அமிலத்தன்மை மனிதத் தோலைவிடக் குறைவு என்பதால் அது வறண்டு செதில் உதிரத் தொடங்கும்.

ஆழ்துளைக் கிணற்று உவர்நீரில் ஷாம்பூ முழுமையாக அலசப்படுவதில்லை. எச்சம் மயிரில் தங்கி மங்கலாக்கி, அடுத்த நாளே தூசியை இழுத்துக்கொள்ளும். கடைசி வாளி நீரில் ஒரு குவளை வெள்ளை வினிகர் கலந்து ஊற்றுவது இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறது. கண், வாய், புண் உள்ள இடங்களில் அது படக்கூடாது.

ஆனால் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவது எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்து, விறைப்பான தூரிகையால் தட்டியெடுத்து, பிறகு மென்மயிர்த் தூரிகையால் நீளவாக்கில் இழுத்துவந்தால், தோலில் ஊறும் எண்ணெய் ஒவ்வொரு மயிருக்கும் பரவுகிறது. அந்த எண்ணெய்ப் பூச்சுள்ள மயிரில் கறை எளிதில் பிடிப்பதில்லை. அடிக்கடி ஷாம்பூ போட்டு அதைக் கழுவிவிட்டால், மயிர் வறண்டு கறையை முன்பைவிட வேகமாக உறிஞ்சும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நனைந்த தோல் காயாமலே இருந்தால் டெர்மடோஃபிலஸ் என்னும் பாக்டீரியா பெருகி, முதுகிலும் கணுக்காலின் பின்புறத்திலும் பொருக்குப் பொருக்காகச் சொறி உண்டாகும். பொருக்கை எடுத்தால் மயிரும் கொத்தாக வந்துவிடும். ஆகவே அந்த மாதங்களில் கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துண்டால் ஒற்றியெடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மயிருக்குப் பளபளப்புத் தரும் சிலிகோன் தெளிப்பான் விலைக்கேற்ற பொருள்தான். வாலிலும் பின்னங்கால்களிலும் முந்தைய நாளே தெளித்து வைத்தால், காலையில் காய்ந்த லத்தி தூரிகை பட்டதும் உதிர்ந்துவிடுகிறது. சேணம் அமரும் இடத்தில் அதைத் தெளித்தால் சேணம் வழுக்கும். பின்னல் போடவிருக்கும் பிடரியில் தெளித்தால் மயிர் விரலுக்குள் நிற்காது. முழுவதும் மறைக்கும் போர்வையைப் பொறுத்தவரை, குளிர் நாடுகளில் எழுதப்படும் அறிவுரை நம் புழுக்கத்துக்குப் பொருந்தாது. பெங்களூரு, உதகை போன்ற இடங்களில் இரவில் போர்த்தலாம். சென்னையில் மெல்லிய வலைப்போர்வைக்கு மேல் எதைப் போட்டாலும் குதிரை வியர்த்து, அந்த வியர்வையே மஞ்சளாகக் காய்ந்துவிடும்.

குளிப்பாட்டும் கைக்கு வேறொரு கடமையும் உண்டு. வயதாக வயதாகச் சாம்பல் குதிரைகளுக்கு மெலனோமா என்னும் தோல் நிறமிச் செல் கட்டிகள் வருவது மிகச் சாதாரணம். வாலைத் தூக்கி அடிப்பகுதியைக் கழுவும்போதும், உதட்டோரத்தையும் காதுக்குக் கீழே தாடையின் பின்புறத்தையும் துடைக்கும்போதும், தோலுக்கடியில் பட்டாணி போன்ற கடினமான உருண்டை தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் அளவைக் குறித்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கிலும் நெற்றி வெள்ளையிலும் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும் குதிரைகளுக்கு, துடைத்து முடித்ததும் துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவுவதும் அவசியம், நம் வெயிலில் அந்தத் தோல் எளிதில் வெந்துவிடும்.

முழுக் குளியலைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு முற்பகலிலேயே முடித்துவிடுகிறேன்; இடைப்பட்ட நேரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு சற்றுத் திரும்பிவிடும். கால்களில் எஞ்சிய மங்கலுக்குச் சோளமாவை ஈரத்தோடு பூசி, காய்ந்ததும் தூரிகையால் உதிர்த்துவிட்டால் போதும். முகத்தை அழகுபடுத்துவதாக எண்ணி மூக்கைச் சுற்றியுள்ள உணர்மயிர்களை மட்டும் கத்தரிக்காதீர்கள்: சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அது தடைசெய்யப்பட்டுள்ளது. தேர்வு நாளன்று காலையில் குதிரைமசாலை நிறுத்தி உலர்புல் மட்டுமே தருகிறேன். பசுந்தீவனம் தின்ற வாயில் கடிவாளம் ஏறியதும் பச்சை நுரை வழிந்து, மார்பிலும் முன்னங்கால்களிலும் தெறிக்கும். சேணம் பூட்டுமுன் வாயை நல்ல நீரால் கொப்பளிக்கவைத்துவிட்டால், பிறகு வருவது வெள்ளை நுரை மட்டுமே. அதைத் துடைக்கத் தேவையில்லை. குதிரை கடிவாளத்தை இயல்பாக ஏற்று மென்றுகொண்டிருக்கும்போது பொதுவாக வரும் நுரை அது.