16 அங்குல வீல், 30 மி.மீ. இறக்கம்: இரண்டரை வருடம் ஓட்டிய அனுபவம்

என் ஸ்விஃப்ட் 165/80 ஆர்14 டயரோடு வந்தது. முதல் வருடமே 16 அங்குல அலாய் போட்டு 195/55 டயருக்கு மாறினேன். கணக்குப் போட்டால் இரண்டு டயரின் மொத்த உயரமும் ஏறக்குறைய 620 மி.மீ. தான். அதனால் ஸ்பீடோமீட்டரும் மாறவில்லை, வண்டியின் உயரமும் மாறவில்லை. ஆனால் வீல் பெரிதானதும், டயருக்கும் மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நான்கு விரல் தாராளமாக நுழையும். அதற்காகத்தான் வண்டியைத் தாழ்த்தும் குட்டையான லோயரிங் ஸ்பிரிங் தேடப் போனேன்.

புதுச்சேரியில் முதலில் விசாரித்த பட்டறையில், “எதுக்குத் தம்பி அவ்வளவு செலவு? இருக்கிற ஸ்பிரிங்லயே ஒரு சுத்து வெட்டி விட்டுடறேன்” என்றார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கின் முனை அதற்கான இருக்கையில் சரியாக உட்காரும்படி செய்யப்பட்டது. வெட்டினால் அந்த முனை போய்விடும். பள்ளத்தில் வீல் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயர்ந்துவிடலாம். வீட்டு ஆட்களை ஏற்றிப் போகிற வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

சரி, எவ்வளவு இறக்கம்? கடையில் 30, 40 என்று இரண்டு செட் காட்டினார்கள். படத்தில் 40 தான் அழகு. நான் வேறு மாதிரி யோசித்தேன். 14 அங்குல டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ., 16க்கு 107. அதாவது பள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் 25 மி.மீ. ஏற்கெனவே போய்விட்டது. இனி இறக்குகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஸ்பிரிங் அமுங்கும் தூரத்திலிருந்து கழியும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், கம்பெனி கணக்கில் 163 மி.மீ.; 30 கழித்தால் 133, அதுவும் காலி வண்டியில். மாதம் இரண்டு முறை அப்பா, அம்மா, தங்கை, அவள் பிள்ளை என்று ஐந்து பேராகக் கடலூர் மஞ்சக்குப்பம் போய் வருகிறோம். அந்தக் கணக்கில் 40 கட்டுப்படியாகாது என்று 30 எடுத்தேன். சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும் வகை. லேசான மேடு பள்ளத்தில் மென்மையாக இருக்கும், பாரம் ஏற ஏற விறைக்கும். கூலியோடு 21,500 ரூபாய் ஆனது.

ஈ.சி.ஆரில் முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. பஸ்ஸை முந்திவிட்டுத் திரும்ப லேனுக்கு வரும்போது முன்பு ஒரு ஆட்டம் இருக்கும், அது இல்லை. பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதும் குறைந்தது. இந்தச் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

தொந்தரவு கடலூர்ப் பயணத்தில்தான் வந்தது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று வழி நெடுக ஸ்பீட் பிரேக்கர். ஐந்து பேரோடு ஏறி இறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அது ஸ்பிரிங் மிகவும் அமுங்கும்போது தடுக்கும் ரப்பர் கட்டையில், அதாவது பம்ப் ஸ்டாப்பில், இடிக்கும் சத்தம். உயரமானவற்றைச் சாய்வாக, ஒவ்வொரு வீலாக ஏற்றிப் பழகிக்கொண்டேன்.

அலைன்மென்ட் விஷயத்தில் நான் தவறு செய்தேன். மாட்டிய அன்றே பார்த்துவிட்டு அப்படியே விட்டேன். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்கார்ந்த பிறகு மறுபடி பார்த்திருக்க வேண்டும். 6,000 கி.மீ. கழித்து முன் டயரின் உள்விளிம்பைத் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் அரம் மாதிரி கையைக் கீறியது. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், விலகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு போலத்தான் இருந்தது, அதனால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

28,000 கி.மீ.யில் பின் இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தது. பழைய ஷாக்கோடு குட்டை ஸ்பிரிங் போட்டால் அதன் ஆயுள் குறையும் என்று தெரிந்துதான் போட்டேன். இரண்டு பின் ஷாக்கையும் சேர்த்தே மாற்றினேன். அப்போது கழற்றிய ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. 2024 நவம்பரில் ஃபெங்கல் புயல் மழையில் வண்டி தண்ணீரில் நின்றது, அதோடு நம்மூர் உப்புக்காற்று வேறு. இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் ஸ்பிரிங் இருக்கையில் தேங்கும் மணலைக் கழுவச் சொல்கிறேன்.

அப்புறம், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

இன்று காலி வண்டியில் இரண்டு விரல் நுழைகிறது. எல்லோரும் ஏறினால் ஒரு விரல்கூட இறுக்கம்தான். கடையில் ஸ்பிரிங் பார்க்கும்போது இந்த இரண்டாவது அளவை மனதில் வைத்துக் கேளுங்கள். முடிந்தால் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டே கடைக்குப் போய் விரலை வைத்து அளந்து காட்டுங்கள்.