முடங்கிய விளம்பரக் கணக்கு: மேன்முறையீடா, புதுக் கணக்கா, முகவரா?

மே மாதத் தொடக்கம், கிழக்கிலங்கையின் பாசிக்குடாக் கடல் குளம்போலக் கிடக்கும் காலம். வெளிநாட்டவர் அறை தேடி வரும் இந்த ஐந்தாறு மாதங்களில்தான் கல்குடாவில் 6 அறைகளுடன் விடுதி நடத்தும் என் மாமா முழு ஆண்டுக்குமான வருமானத்தைத் தேடியாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நாள் காலை, அவருடைய கூகுள் விளம்பரக் கணக்கின் தலைப்பில் சிவப்புப் பட்டை விழுந்தது. கொடுப்பனவில் சந்தேகமாம், கணக்கு இடைநிறுத்தமாம்.

"மருமகன், நான் யாருக்கும் ஒரு சதம் கடன் வைக்கவில்லையே" என்றார். அது உண்மைதான். ஆனால் விளம்பரத்துக்குக் காசு போனது சுவிஸில் இருக்கும் மச்சானின் கடனட்டையிலிருந்து. மாதக் கூற்றில் விளங்காத ஒரு வரியைக் கண்ட மச்சான், வங்கிக்கு அழைத்து "இது நான் செய்ததல்ல" என்று சொல்லிவிட்டார். வங்கி காசைத் திருப்பி எடுத்துக்கொண்டது. விளம்பரத் தளத்தின் கண்ணுக்கு அது திருட்டு அட்டை. அப்படித் தெரிந்ததில் தவறில்லை.

விடயம் பரவியதும் மூன்று விதமான ஆலோசனைகள் வந்தன. புதுக் கணக்குத் திற என்றார்கள் சிலர். மீட்டுத் தரும் முகவரைப் பிடி என்றார்கள் வேறு சிலர். மேன்முறையீடு செய்து காத்திரு என்றேன் நான். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். கூகுள் விளம்பரங்களில் செலுத்தாத நிலுவைக்காகவும் கணக்கை நிறுத்துவார்கள். சந்தேகத்துக்குரிய கொடுப்பனவுக்காகவும் நிறுத்துவார்கள். முதலாவது நோய் இலேசானது. நிலுவையைக் கட்டினால் கணக்கு பெரும்பாலும் தானாகவே உயிர்பெற்றுவிடும். அட்டையின் வெளிநாட்டுக் கொடுப்பனவு வரம்பு குறைவாக இருப்பதால் காசு போகாமல் நிலுவை விழுந்தவர்கள் நம் பகுதியில் பலர். அவர்களுக்கு முகவரும் வேண்டாம், மேன்முறையீடும் வேண்டாம். வங்கிக்குப் போய் வரம்பைக் கூட்டி, நிலுவையைக் கட்டினால் போதும். இங்கே நான் ஒப்பிடுவது இரண்டாவது நோய்க்கான மருந்துகளை.

புதுக் கணக்கு மிக விரைவான வழி. பத்து நிமிடம் போதும், செலவும் இல்லை. அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் மூன்றிலும் மோசமானது இதுதான். ஒரு கணக்கு நிறுத்தப்பட்டிருக்கும்போது இன்னொன்றைத் திறப்பதை, முறைமையை ஏய்ப்பது என்ற பெயரில் கூகுள் கடும் மீறலாகவே கணக்கிடுகிறது. முன்னெச்சரிக்கை இல்லாமலே நிறுத்தும் குற்றங்களில் அதுவும் ஒன்று. புது மின்னஞ்சல் கொடுத்தாலும் விடுதியின் இணையதளம் அதேதான், அட்டையும் முகவரியும் அவையேதான். தொடர்புள்ள கணக்குகளையும் சேர்த்து நிறுத்த அவர்களால் முடியும். அட்டைக்காரர் யார் என்ற, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை, ஏமாற்றுக்காரர் என்ற முத்திரையாக நாமே மாற்றிக்கொள்கிறோம். பிறகு எந்தத் தாளைக் காட்டினாலும் அந்த முத்திரையை அழிப்பது பெரும்பாடு.

முகவர்களில் இரண்டு வகை உண்டு. தாள்களை ஒழுங்குபடுத்தி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தந்து, அதற்குக் கூலி வாங்குபவர் ஒருவகை. ஆங்கிலம் எழுதத் தயங்கும் ஒருவருக்கு அது நியாயமான உதவி. மற்றவகை, "உத்தரவாதம்" என்ற சொல்லோடு வருபவர். உள்ளே ஆளிருக்கிறது என்பார், கடவுச்சொல்லைக் கேட்பார், முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பார். மாமாவிடம் வந்தவர் ஒருபடி மேலே போய், அட்டையிலுள்ள பெயருக்கு ஏற்ற மின்கட்டணப் பட்டியல் ஒன்றைத் தானே "செய்து தருவதாக" சொன்னார். பொய்த் தாள் பிடிபட்டால் பழி முகவருக்கு வராது, கணக்கின் சொந்தக்காரருக்கே வரும். தன் கணக்கிலேயே உங்கள் விளம்பரத்தை ஓட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடமும் கவனம் வேண்டும்: நிறுத்தப்பட்ட கணக்கின் அதே இணையதளத்துக்கு ஆள் அனுப்பும் கணக்கும் ஆபத்தில்தான் இருக்கிறது, அதில் சேரும் தேடற்சொற்களும் வாடிக்கையாளர் விவரங்களும் அவருடையவை, உங்களுடையவை அல்ல.

மேன்முறையீட்டில் காலம் போகும். பருவத்தின் நடுவில் ஒரு கிழமை என்றால் விடுதிக்காரர் பொறுமை இழப்பது இயல்பு. முதல் தடவை எங்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணத்தைப் பிறகுதான் கண்டுகொண்டோம். நாங்கள் அனுப்பியவை எல்லாம் மாமா யார் என்பதை நிறுவும் தாள்கள். அவர்கள் கேட்டதோ அட்டை யாருடையது என்பதை.

மாமாவின் தாள்களிலும் கோளாறு இருந்தது. சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தோம். பிரதேச செயலகம் வழியாகப் பெற்ற வியாபாரப் பதிவில் தகப்பன் பெயர் முழுதாக இருந்தது. வங்கிக் கூற்றில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதலாக. பழைய தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயரே கிடையாது. நமக்கு இவை எல்லாம் ஒரே மனிதர். எங்கோ இருந்து தாளை மட்டும் பார்ப்பவருக்கு நான்கு பேர். நம் பெயர்களின் எழுத்துமுறையை அறியாத ஒருவருக்கு இதை விளக்க வேண்டியது நம் பொறுப்பு. ஆங்கிலத்தில் மூன்று வரி போதும்: முதலெழுத்து தகப்பன் பெயரைக் குறிக்கும், இந்த எல்லாத் தாள்களும் ஒருவருடையவையே என்று.

இரண்டாவது தடவை, மச்சான் தன் வங்கியில் அந்த முறைப்பாட்டைத் திரும்பப் பெற்று, அதற்கான கடிதத்தையும் வாங்கினார். திருப்பி எடுக்கப்பட்ட தொகையை நாங்கள் கட்டினோம். அட்டையின் படத்தில் கடைசி 4 இலக்கங்களைத் தவிர மற்றவற்றைக் கறுப்பால் மறைத்தோம். பின்பக்கத்திலுள்ள 3 இலக்க இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மச்சானின் கடவுச்சீட்டுப் பிரதியும், தன் சம்மதத்துடனேயே உறவினரின் விடுதிக்குக் காசு கட்டியதாக அவர் ஒப்பமிட்ட கடிதமும் சேர்ந்தன. நடந்ததை நடந்தபடி எழுதினோம், மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. அனுப்பிய பின் பதில் வரும்வரை இன்னொரு மனு அனுப்பவில்லை. கணக்குத் திறந்தது.

பேஸ்புக் விளம்பரக் கணக்கு முடங்கினாலும் மீளாய்வுக் கோரிக்கை உண்டு. அங்கும் கேட்கும் தாள்களை இதே ஒழுங்கில் கொடுக்க வேண்டும்.

காத்திருந்த நாட்களில் கைகட்டி இருக்கவும் இல்லை. கூகுள் வரைபடத்தில் விடுதியின் வணிகப் பக்கத்துக்குக் கட்டணமே இல்லை. அங்கே புதுப் படங்களை ஏற்றினோம், பழைய விருந்தினரிடம் நாலு வரி எழுதித் தரக் கேட்டோம். அறைப்பதிவுத் தளங்களில் இரண்டு அறைகளை விட்டோம். அவை பிடிக்கும் தரகு பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டி வரும். பருவத்தில் அறை பூட்டிக் கிடப்பதை விட அது மேல்.

ஆகவே காசும் காலமும் மட்டும் பார்ப்பவருக்குப் புதுக் கணக்கு வெல்லும், ஒரு கிழமைக்கு. அடுத்த பருவமும் இதே பெயரில் தொழில் செய்ய நினைப்பவர் மேன்முறையீட்டைத்தான் எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு உதவி தேவையென்றால் கூலிக்கு எழுதித் தருபவரை அருகில் வைத்துக்கொள்ளலாம், கடவுச்சொல்லைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு.

கணக்குத் திறந்த மறுநாள் மாமா வாழைச்சேனைக்கு பஸ் ஏறி வங்கிக்குப் போனார். தன் பெயரில் அட்டைக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் பெயர் எழுதும் கட்டங்கள் வந்ததும் வியாபாரப் பதிவை வெளியே எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக அதைப் பார்த்தே நிரப்பினார்.