ரிக்கன்பேக்கர் என்று நம்பி 1,15,000 ரூபாயைத் தொலைத்தேன்: பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

வெள்ளிக்கிழமை காலையில் பணத்தைக் கொடுத்தேன். சனிக்கிழமை ராத்திரி ஏமாந்தது தெரிந்தது. இன்று புதன். இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுதுவது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிக்கன்பேக்கர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பேஸ் கிட்டார் என்று நம்பி வாங்கினது போலி. போன தொகை ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய். பழைய பேஸ் வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. வக்கீலைப் பார்க்கும்வரை போடவேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சென்னையில், பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு மாடிக்கடை. ஆன்லைனிலும் படம் போட்டு விற்கிறார்கள். அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். பதினேழு வருடமாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். கல்யாணம், கோயில் கொடை, ஞாயிற்றுக்கிழமை சர்ச். ஒரு கச்சேரிக்கு எனக்கு 2,500 ரூபாய். அப்படியென்றால் 1,15,000 என்பது நாற்பத்தாறு கச்சேரி. விடிய விடிய மேடையில் நின்று, வேனில் உட்கார்ந்தபடியே தூங்கி வந்த நாற்பத்தாறு ராத்திரி. அதில் பாதிக்குமேல் என் மனைவி போட்டிருந்த சீட்டை எடுத்த பணம்.

ரிக்கன்பேக்கர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்கலாம். 2014-இல் தோஹாவுக்கு ஒரு நிகழ்ச்சிக்காகப் போயிருந்தோம். என் பேஸ் விமானத்தில் அடிபட்டு நெக் (விரல் வைத்து வாசிக்கிற நீளக் கழுத்து) கோணிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் ஒரு மலையாளி நண்பர் தன்னுடைய ரிக்கன்பேக்கர் 4003 மாடலைக் கொண்டுவந்து, "இரண்டு நாளைக்கு இது உங்களோடது" என்று கையில் கொடுத்தார். நான் அதுவரை வாசித்த பேஸ்களில் சத்தம் 'தும்' என்று விழுந்து டிரம்ஸோடு கலந்துபோய்விடும். இதில் பியானோவின் கீழ்க்கட்டையைத் தட்டினதுபோல ஒவ்வொரு சுரமும் கணீரென்று தனியாக நின்றது. எண்பதுகளின் பாட்டுகளில் பாடகர் ஒரு பாட்டுப் பாட, கீழே பேஸ் வேறொரு பாட்டுப் பாடிக்கொண்டே போகும் இல்லையா, அதை அன்றைக்கு மேடையில் முதல் தடவையாக என் காதாலேயே முழுசாகக் கேட்டேன். பாடகர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பதினேழு வருடத்தில் பேஸ்காரனைத் திரும்பிப் பார்த்த பாடகர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சான்டா அனா என்ற ஊரில் செய்கிறார்கள். 1957-இல் 4000 என்ற முதல் பேஸ். அதன் நெக் தனியாகச் செய்து திருகாணி போட்டு மாட்டினது அல்ல. தலையிலிருந்து அடிவரை ஒரே கட்டை, இரண்டு பக்கமும் சிறகு ஒட்டினதுபோல பாடி (கிட்டாரின் உடல்). 1961-இல் 4001 வந்தது. 1965-இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு இடக்கை மாடல் ஒன்றைக் கம்பெனியே கொடுத்தது. மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி, மெட்டாலிகா குழுவின் கிளிஃப் பர்ட்டன் எல்லாம் இந்த வம்சத்துப் பேஸை வைத்து வாசித்தவர்கள்தான். 4003 வந்தது 1979-இல், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. மற்ற கம்பெனிகள் மாதிரி இந்தோனேசியாவிலோ சீனாவிலோ மலிவு ரகம் செய்து விற்கும் பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. அதனாலேயே போலி அதிகம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

போன மாதம் போனில் அந்தப் படம் வந்தது. கறுப்பு 4003. 2012 மாடல், துபாயிலிருந்து வந்த ஒருத்தர் விற்றது, ஒரே கை வாசித்தது என்று போட்டிருந்தார்கள். விலை 1,30,000. நான் விசாரித்தவரை புதிதை வரவழைத்தால் வரியெல்லாம் சேர்த்து மூன்று லட்சத்தை நெருங்கும். போன் செய்தேன். பேசினவர் கடைக்காரரே. "தம்பி, நானும் சர்ச்ல பேஸ் வாசிச்சவன்தான். இத வாசிக்கத் தெரிஞ்சவன் கையிலதான் குடுக்கணும்னு வச்சிருக்கேன்" என்றார். 1,15,000-க்கு இறங்கினார். 15,000 ஜிபேயில் அட்வான்ஸ் போடச் சொன்னார், போட்டேன். மீதியை ரொக்கமாகக் கொண்டுவரச் சொன்னார். வியாழக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

நேரில் போய்ப் பார்க்காமல் வாங்கிவிட்டான் என்று நினைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கித் தந்தார். பெரிய ஆம்பில் (ஒலிபெருக்கியில்) மாட்டி, பேஸைத் துணியால் துடைத்து என் மடியில் வைத்தார். ஏசி ஓடுகிற சின்ன அறை, சுவரெல்லாம் கிட்டார். வாசித்தேன். கணீரென்றுதான் கேட்டது. புதுக் கம்பி போட்டு, ஆம்பில் ட்ரெபிளை ஏற்றி வைத்தால் எந்தப் பேஸும் அப்படித்தான் கேட்கும் என்பது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குத் தோஹா மேடைதான் காதில் இருந்தது.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். என் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது. வேண்டுமென்றே எடுத்துப் போயிருந்தேன். இந்தப் பேஸின் தலையில் கம்பெனிப் பெயர் எழுதின வெள்ளைத் தகடு ஒன்று இருக்கிறதே, அதைக் கழற்றினால் உள்ளே நெக்கை நிமிர்த்துகிற ட்ரஸ் ராட் தெரியும். மற்ற பேஸ்களில் பெரும்பாலும் ஒரு ராட்தான். 2012 மாடல் 4003-இல் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்து, "அண்ணே, இத மட்டும் கழட்டிப் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. என் தோளில் கை வைத்து, "தாராளமா பாருங்க தம்பி. ஆனா அந்த ஸ்க்ரூ ஓட்டை ரொம்ப மென்மை, ஒருக்கா கழட்டினா லூஸ் ஆயிரும். ஒரிஜினல் பிடியோட இருக்கு. நாளைக்கு நீங்களே விக்கணும்னாலும் அதுக்குத்தான் மதிப்பு. உங்க பொருள், உங்க இஷ்டம்" என்றார்.

உங்க பொருள் என்றார். பணம் இன்னும் என் பையில்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைத்துவிட்டேன். ஒரு லட்சம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

பில் கேட்டேன். முழுத் தொகைக்கும் போட்டால் வரி உங்கள் தலையில்தான் விழும் என்று சொல்லி 15,000-க்கு மட்டும் போட்டார். "பேஸ் கிட்டார், பழையது, 1" என்று எழுதியிருக்கிறது. கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் இல்லை, நம்பர் இல்லை. நானும் தலையை ஆட்டினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை ஊர் வந்து, ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் மேஜை விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் இரண்டாவது ஜாக்கைப் பார்க்கலாம் என்று தோன்றியது. இந்தப் பேஸில் ஒயர் மாட்ட இரண்டு துளை உண்டு. ஒன்று வழக்கமானது, இன்னொன்றில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற இரண்டு பிக்கப்பின் சத்தத்தையும் தனித்தனியே இரண்டு ஆம்புக்கு அனுப்பலாம். கடையில் ஒரு துளையில்தான் மாட்டிக் காட்டினார். மற்றதில் மாட்டினேன். சத்தமே இல்லை. ஒயரை ஒட்டின சால்டர் விட்டிருக்கும் என்று நினைத்து ஜாக் தகட்டைக் கழற்றினேன். சால்டர் விட்ட அடையாளமே இல்லை. அந்த ஜாக்கின் காதுகள் மூன்றும் பளபளவென்று புதுசாக இருந்தன, ஒரு ஒயர்கூட அதில் எப்போதும் பட்டதில்லை. பார்வைக்காக ஒரு துளை போட்டு ஒரு ஜாக்கைச் செருகி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் தலைத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரே ஒரு ராட். பக்கத்தில் வெறும் மரம்.

என் மனைவி அடுப்படியிலிருந்து, "என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். 4003-இல் கம்பியின் நீளம் 33¼ இன்ச். அப்படியானால் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி உட்காருகிற கட்டை) பன்னிரண்டாவது பிரெட்வரை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அதில் பாதி, அதாவது பதினாறரைக்கும் பதினாறே முக்காலுக்கும் நடுவே வரவேண்டும். என் டேப் 17-இல் நின்றது. மூன்று தடவை அளந்தேன். சாதாரண 34 இன்ச் பேஸ் அது. டோன் குமிழ் ஒன்றை மேலே இழுத்தால் பழைய காலத்து மெல்லிய சத்தம் வரவேண்டும், அந்தக் குமிழ் அசையவே இல்லை. கடைசியாக விளக்கைச் சாய்த்துப் பிடித்து நெக்கும் பாடியும் சேருகிற இடத்தைப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்டில் முடி மாதிரி ஒரு விரிசல், நேர்கோடாக ஓடுகிறது. உள்ளே நெக்கைத் தனியாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். இயல்பு மர நிறமாக இருந்தால் ஒரே கட்டை ஓடுகிறதா என்று வெளியிலிருந்தே தெரிந்திருக்கும். கறுப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

ஞாயிறு போன் செய்தேன். "கம்பி மாத்திப் பாருங்க தம்பி, ஊரு மாறுனா மரம் செட் ஆக ஒரு வாரம் ஆகும்" என்றார். மரம் செட் ஆனால் இரண்டாவது ராட் முளைக்குமா என்று கேட்டேன். "டவர் கிடைக்கல" என்று வைத்துவிட்டார். திங்கள் ஒரு பையன் எடுத்தான். ஓனர் வெளியூர் போயிருக்கிறாராம். பின்னால் அவர் குரல் கேட்கிறது. செவ்வாய் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது அவரே எடுத்தார். இந்த முறை 'தம்பி' என்று கூப்பிடவில்லை. "சார், பில்ல என்ன எழுதியிருக்கு? ரிக்கன்பேக்கர்னு எங்கயாவது இருக்கா? பழைய பேஸ் கேட்டீங்க, குடுத்தோம். வாசிச்சுப் பாத்துதான வாங்குனீங்க?" என்றார். ஒரு லட்சம் ரொக்கத்தைக் கேட்டேன். "எந்த ஒரு லட்சம்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆன்லைனில் போட்ட படத்தைத் தேடினால் எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, போனில் எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, 4003 என்று அதில் அச்சடித்தமாதிரி இருக்கிறது. இங்கே காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். இது சிவில் விவகாரம், வாங்கின ஊரில் போய்க் கொடுங்கள் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், புகாரைப் பதிவு செய்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கையில் ஆதாரம் 15,000-க்குத்தான். போனது 1,15,000.

சரி, சொன்னபடி என்ன பார்க்கவேண்டும் என்று எழுதவேண்டும். விளக்கமாக எழுத இப்போது மனசு இல்லை. டேப் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள், அளந்து பாருங்கள். தலைத் தகட்டைக் கழற்றவிடாத கடையில் வாங்காதீர்கள். எல்லா ஜாக்கிலும் மாட்டிப் பாருங்கள், எல்லாக் குமிழையும் திருப்பி இழுத்துப் பாருங்கள். ஜாக் தகட்டில் நம்பர் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், என்னுடையதிலும் இருந்தது. ரொக்கம் கொடுக்காதீர்கள். பில்லில் கம்பெனி, மாடல், நம்பர், முழுத் தொகை நான்கும் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான ரிக்கன்பேக்கர் வைத்திருக்கும் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சென்னையில் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. எங்கே வேறு யாராவது முந்திக்கொண்டு வாங்கிவிடுவார்களோ என்று பயந்து ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று, இதற்காகத்தான் இன்றைக்கே எழுதுகிறேன். நான் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது கல்லாவுக்குப் பின்னால் திறந்த பெட்டி ஒன்று கிடந்தது. அதிலும் அதே வெள்ளைத் தகடு, அதே தலை, சிவப்பு நிறத்தில். "அது புக் ஆயிடுச்சு தம்பி" என்று காலால் மூடினார். அதைப் புக் செய்தவர் நீங்களாக இருந்தால், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.