கார்டு வருவதற்குள் நான்கு ஊர்கள்

பழைய விசா முடிந்துபோய், புதிய வசிப்பு அட்டை இன்னும் வராமல், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு போலந்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், நாடு ஒரே நாளில் தீவாகிவிடும். அந்த முத்திரையோடு உள்ளே இருப்பது சட்டப்படி சரி. ஆனால் அதைக் காட்டி, தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் கூட்டில் உள்ள பக்கத்து நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. பிராக், வியன்னா எல்லாம் மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் போடும் படங்களாகவே இருக்கும். எனக்கு அந்தத் தீவு வாசம் எட்டு மாதம்.

வேலை கிராக்கூவில். கார் கிடையாது. வார்சா, க்தான்ஸ்க், வ்ரொத்ஸ்வாஃப் போன்ற பெரிய ஊர்களை முன்பே பார்த்தாயிற்று. மிச்சமிருந்தவை, அலுவலகத்தில் பெயரைச் சொன்னாலே “அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்கப்படும் ஊர்கள். அவற்றில் நான்குக்குப் போனேன்: சந்தோமியெஷ், ஸமோஷ்ச், செஷின், ப்ஷெமிஷ்ல். கடைசிப் பெயரை எழுதும்போதே தமிழாசிரியர் பிரம்போடு வருகிறார். மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது. போலிஷ்காரர்களுக்கு நன்னூல் பாடம் நடக்கவில்லை, என்ன செய்வது.

நான்குமே நாட்டின் தெற்கிலும் தென்கிழக்கிலும் இருப்பவை, ஒரு வாரயிறுதியில் போய்த் திரும்பக்கூடியவை. ஒருநாள் பேருந்தில் வந்து படமெடுத்துப் போகிறவருக்கும், இங்கேயே வரி கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று விழிக்கிறவருக்கும் ஒரே ஊர் பிடிக்க வேண்டியதில்லை. நான் இரண்டாம் ரகம். அந்தக் கண்ணோடுதான் ஒப்பிடுகிறேன்.

போய்ச்சேரும் கதை

இதில் ப்ஷெமிஷ்லுக்குப் போட்டியே இல்லை. கிராக்கூவிலிருந்து நேர் ரயில், மூன்று மணி நேரம் முன்பின். நிலையத்தில் இறங்கினால் பழைய ஊர் நடை தூரம். நிலையமே பார்க்க வேண்டிய இடம். ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் கட்டிய மஞ்சள் கட்டடம், உள்ளே சித்திரக் கூரை, தொங்கும் விளக்குகள். டிக்கெட் வாங்க வந்தவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வரிசையை மறந்து நின்றேன்.

செஷினுக்குப் பேருந்து, இரண்டு இரண்டரை மணி நேரம். சந்தோமியெஷுக்கும் பேருந்துதான் நல்லது. அங்கே ரயில் நிலையம் விஸ்துலா ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது, ஊரோ இந்தக் கரையில் குன்றின் மேல். வரைபடத்தில் நிலையம் இருக்கிறதே என்று நம்பிப் போனால் பெட்டியை இழுத்துக்கொண்டு பாலம் கடக்க வேண்டும். ஸமோஷ்ச் நான்கிலும் தொலைவு: பேருந்தில் நாலு மணி நேரத்துக்கு மேல். வெள்ளி மாலை கிளம்பினால் ஒழிய வாரயிறுதிக்குள் அடங்காது.

சின்ன ஊர்ப் பேருந்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்து ஒன்று இருக்கும். அதன் பொருள் கீழே எறும்பு அளவில் எழுதியிருக்கும்: பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும், ஞாயிறு கிடையாது, டிசம்பர் 24 கிடையாது. அதைப் படிக்காமல் ஸமோஷ்ச் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு மணி நேரம் ஒரு நாயோடு உட்கார்ந்திருந்தேன். நாய்க்கு அட்டவணை தெரிந்திருந்தது, பாதியில் எழுந்து போய்விட்டது.

அழகுப் போட்டி: சந்தோமியெஷும் ஸமோஷ்சும்

சந்தோமியெஷ் முதல் பார்வையிலேயே ஜெயித்துவிடும். 14ஆம் நூற்றாண்டு ஓபாத்தூவ் வாசல் வழியே நுழைந்தால் சரிவான சதுக்கம், நடுவில் நகரமன்றம், கீழே ஆறு, சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள். மே மாதம் பூத்திருக்கும்போது போனால் குறை சொல்ல மனம் வராது. மண் இங்கே காற்று கொண்டுவந்து படிந்த மென்மையான வண்டல். அதனால் ஊருக்குப் பக்கத்திலேயே ஆழமான குறுகிய பள்ளத்தாக்குகள் அறுந்து கிடக்கின்றன. ராணி யாத்விகா பெயரில் ஒன்று உண்டு. சதுக்கத்துக்குக் கீழே வணிகர்களின் பழைய பாதாளக் கிடங்குகளை இணைத்து ஏறத்தாழ 470 மீட்டர் சுரங்கப் பாதையும் போட்டிருக்கிறார்கள்.

அதற்கு மேல் எனக்கு ஒட்டவில்லை. 2008 முதல் ஓடும் ஒரு துப்பறியும் பாதிரியார் தொலைக்காட்சித் தொடர் இந்த ஊரில் நடப்பதாகக் கதை. மூலம் இத்தாலியத் தொடர். நாடு முழுவதிலிருந்தும் ரசிகர்கள் வருகிறார்கள். மதியம் பன்னிரண்டுக்கு நிரம்பும் சதுக்கம் ஆறுக்குக் காலியாகிறது. வந்தவர்களுக்காக நடக்கும் ஊர், வந்தவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொள்கிறது.

ஆனால் அங்கே ஒன்றைப் பார்க்காமல் வரக்கூடாது. பேராலயச் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கரோல் தெ ப்ரெவோ வரைந்த ஓவியங்கள். ஒன்றில், யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைச் சடங்குக்காகக் கொல்வதாகக் காட்சி. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக உயிர்களைக் குடித்த பொய் அது. ஓவியத்தைச் சில ஆண்டுகள் திரை போட்டு மூடி வைத்திருந்து, 2014ல், இது உண்மையல்ல என்று சொல்லும் பலகையோடு திறந்தார்கள். ஆப்பிள் பூவைப் பார்த்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றபோது, ஊரின் அழகு கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்தது.

ஸமோஷ்ச் திட்டம் போட்டுப் பிறந்த ஊர். 1580ல் அரசின் சான்சலர் யான் ஸமோய்ஸ்கி, இத்தாலியின் பாதுவாவைச் சேர்ந்த பெர்னார்தோ மொராந்தோவைக் கூப்பிட்டு, வெறும் நிலத்தில் ஒரு நகரத்தை வரையச் சொன்னார். சதுக்கம் நூறுக்கு நூறு மீட்டர், அளவெடுத்தது. சுற்றிலும் வீடுகளின் தரைத்தளத்தில் தொடர்ச்சியாகத் தூண் தாழ்வாரம். மழையோ பனியோ, சதுக்கத்தை ஒரு சுற்று நனையாமல் நடக்கலாம். வடக்குப் பக்கம் ஆர்மீனிய வணிகர்களின் வீடுகள் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலமாக நிற்கின்றன. 1992ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. இருந்தும் நான் போன அக்டோபரில் மாலையில் சதுக்கத்தில் இருந்தது சைக்கிள் ஓட்டும் உள்ளூர்ப் பிள்ளைகள்தான்.

வேற்றூர்க்காரனாகப் பார்க்கும்போது இந்த ஊரின் பிறவிக் குணம் சுவாரசியமானது. ஸமோய்ஸ்கி ஆர்மீனியருக்கும் ஸ்பானிய வழி யூதருக்கும் உரிமைப் பத்திரம் கொடுத்து, வாருங்கள், கடை போடுங்கள் என்று குடிவைத்தார். ஒரு வகையில் அவர்களும் கார்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான். அந்தக் கலவையின் முடிவு கொடூரமானது: யூதர்களை நாஜிகள் அழித்தார்கள், 1942 நவம்பர் முதல் சுற்றுவட்டார போலிஷ் கிராமங்களையும் காலி செய்து, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் துரத்தி, ஜெர்மானியரைக் குடியேற்றப் பார்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டு யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. மார்க்சியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1871ல் பிறந்த ஊரும் இதுதான். நம்மூர்த் தோழர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கூட்டிப்போகலாம்.

நகரமன்றக் கோபுரத்திலிருந்து நண்பகலில் ஊதும் எக்காளம் மூன்று திசைக்கு மட்டும்தான். கிராக்கூவ் இருக்கும் மேற்குத் திசைக்கு ஊதுவதில்லை. ஸமோய்ஸ்கிக்குக் கிராக்கூவ் மேல் இருந்த கடுப்பு என்று கதை சொல்கிறார்கள். கிராக்கூவ் வாடகை கட்டுகிறவனாக அந்தக் கடுப்பு எனக்குப் புரிந்தது.

எல்லைப் போட்டி: செஷினும் ப்ஷெமிஷ்லும்

செஷினை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். போலந்தின் 20 ஸ்லோத்தி நோட்டின் பின்பக்கம் இருக்கும் சின்ன வட்டக் கோயில் இந்த ஊர்க் கோட்டைக் குன்றில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமை, உள்ளே முப்பது பேர் நின்றால் நெருக்கடி. அடியில் ஓல்சா ஆறு. 1920ல் ஊரை இரண்டாக்கி, ஆற்றுக்கு இந்தப் பக்கம் போலந்துக்கு, அந்தப் பக்கம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு என்று பிரித்தார்கள். சதுக்கமும் கோட்டையும் இங்கே, முக்கிய ரயில் நிலையம் அங்கே. அண்ணன் தம்பி சொத்துப் பிரித்ததுபோல, இரண்டு பேருக்கும் இன்றுவரை குறை.

2007 டிசம்பர் 21ல் போலந்தும் செக்கும் ஷெங்கனுக்குள் வந்தபின் பாலத்தில் சோதனை நின்றுவிட்டது. அந்தக் கரைக்குப் போய் பீர் வாங்கி வருவது ஊர்க்காரர்களுக்குத் தெருமுனைக்குப் போவது மாதிரி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது போலிஷ் கரையில், செக்குக்காரரே உங்களை நினைத்து ஏங்குகிறோம் என்ற பொருளில் பதாகை கட்டினார்கள். அந்தக் கரையிலிருந்தும் பதில் பதாகை வந்தது. நான் முத்திரையோடு பாலத்தின் பாதி வரை போய், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரைக் கடையின் விலைப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். கேட்கமாட்டார்கள்தான். ஆனால் எட்டு மாதக் காத்திருப்பை ஒரு கோப்பை பீருக்குப் பணயம் வைக்க மனம் வரவில்லை. ஆகவே, கார்டு இல்லாதவருக்குச் செஷின் பாதி ஊர்தான். அந்தப் பாதியே ஒரு பகலுக்குத் தாராளம்: பல அடுக்கு மாடங்கள் வைத்த பெரிய லூத்தரன் தேவாலயம், ஏப்ரலில் மக்னோலியா மரங்கள், ஊறவைத்த ஹெர்ரிங் மீனைத் திறந்த ரொட்டியில் வைத்துத் தரும் உள்ளூர்ச் சிற்றுண்டி. போலந்து முழுக்கக் கடைகளில் கிடைக்கும் ப்ரின்ஸ் போலோ வேஃபரும் இந்த ஊர்ச் சரக்கு.

ப்ஷெமிஷ்லின் எல்லை வேறு ஜாதி. உக்ரைன் எல்லையான மெதிகா பதினைந்து கிலோமீட்டருக்குள். இங்கே எல்லை விளையாட்டல்ல. ரயிலில் எல்லைக் காவலர் வந்து காகிதம் கேட்பார். என்னிடமும் கேட்டார். முத்திரையை நிதானமாகப் பார்த்து, நல்ல பயணம் என்று சொல்லித் தந்தார். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.

இந்த ஊரின் வரலாறே எல்லையின் வரலாறு. முதல் உலகப் போரில் ஆஸ்திரியாவின் பெருங்கோட்டை. மாதக்கணக்கான ரஷ்ய முற்றுகைக்குப் பின் பசி தாங்காமல் 1915 மார்ச் 22ல் லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தது. 1939 முதல் 1941 வரை சான் ஆறே எல்லை: ஒரு கரை ஹிட்லருக்கு, மறு கரை ஸ்டாலினுக்கு. 2022 பிப்ரவரி இறுதியில் போர் தொடங்கியதும் அந்தச் சித்திரக் கூரைக்குக் கீழே அகதிகள் வந்து இறங்கினார்கள். உக்ரைனில் மருத்துவம் படித்த இந்திய மாணவர்களும் மெதிகா வழியாக வந்தார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. பக்கத்து ஜெஷூவிலிருந்து விமானம் ஏற்றினார்கள். அப்போது வீட்டு டிவியில் பார்த்த அதே நடைமேடையில் இப்போது காபியோடு நிற்பது என்னவோபோல் இருந்தது.

ரயில் பிரியர்களுக்கு இன்னொன்று. கீவிலிருந்து வரும் ரயில் இங்கேயே நின்றுவிடும். அவர்கள் பாதை 1520 மில்லிமீட்டர், போலந்தின் பாதை 1435. பயணிகள் இறங்கி நடைமேடை மாற வேண்டும். மீட்டர் கேஜில் வந்து பிராட் கேஜுக்குப் பெட்டி தூக்கி ஓடிய தலைமுறைக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

ஊர் அழகா என்றால், ஸமோஷ்ச் அளவுக்கு இல்லை. பூச்சு உதிர்ந்த சுவர்கள், ஏற்ற இறக்கத் தெருக்கள். ரோமன் கத்தோலிக்கப் பேராலயமும் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராலயமும் ஒரே சரிவில். மணிகளுக்கும் புகையிலை பிடிக்கும் குழாய்களுக்கும் ஒரு அருங்காட்சியகம், பழைய மணிக்கூண்டுக்குள். இரண்டும் ஊரின் பழைய கைத்தொழில்கள். ஆனால் இங்கேதான் என்னை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோமியெஷில் நான் சுற்றுலாப் பயணி, ஸமோஷ்சில் வேடிக்கை, ப்ஷெமிஷ்லில் அடுத்த ரயிலுக்கு நிற்கும் இன்னொரு ஆள்.

ஞாயிறும் சோறும் பேச்சும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் பெரும்பாலும் மூடல். 2018 முதல் சட்டம். நான்கு ஊரிலும் ஜாப்கா என்ற சின்னக் கடைதான் கதி. சாப்பாட்டில் ஸமோஷ்ச் பக்கம் முன்னால் நிற்கிறது: வெங்காயமும் கசகசாவும் தூவிய லூப்லின் வட்டாரத்து செபுலாஷ் ரொட்டி, பக்கத்து பில்கொராயின் பக்வீட்-உருளைக்கிழங்கு-பாலாடைக்கட்டி அடை. சைவர்களும் பிழைத்துக்கொள்ளலாம். ப்ஷெமிஷ்லில் புளித்த முட்டைக்கோஸ் போட்டுத் தட்டும் ஃபுச்கி. ஊறுகாய் இல்லாமல் சாப்பிட முடிந்த முதல் போலிஷ் பலகாரம் எனக்கு அதுதான்.

மொழி கற்பவருக்கு நான்குமே கிராக்கூவைவிட மேல். கிராக்கூவில் நாம் போலிஷில் வாய் திறப்பதற்குள் ஆங்கிலத்தில் பதில் வந்துவிடும். இங்கே அப்படித் தப்பிக்க வழி இல்லை. தெரியாதவரிடம் ‘நீ’ என்று பேசக்கூடாது, பான், பானி என்று படர்க்கையில் பேச வேண்டும், “ஐயாவுக்கு என்ன வேண்டும்?” என்று நம் பழைய கடைக்காரர்கள் கேட்பது மாதிரி. நீண்டகால வசிப்பு உரிமைக்கு பி1 என்ற இடைநிலை மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். என் வாயைப் பழக்கியது ஸமோஷ்ச் ரொட்டிக்கடைப் பாட்டி.

ஆக, ஒரே ஒரு வாரயிறுதி இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் உண்டு என்றால் சந்தோமியெஷ். மூன்று நாள் விடுப்பு கிடைத்தால் ஸமோஷ்ச், தயங்காமல். செஷினைக் கார்டு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கார்டு வந்த வாரம் அந்தப் பாலத்தை முழுதாகக் கடந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விலைப்பலகையில் பீர் விலை ஏறியிருந்தது. ப்ஷெமிஷ்லுக்கு இதுவரை நான்கு முறை போயாயிற்று. ஞாயிறு மாலை திரும்பும் ரயிலில் கூட்டம் அதிகம், டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள்.