பல தளங்களை நடத்துவோருக்கு ரீசெல்லர் ஹோஸ்டிங்: ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறு வணிகங்களுக்கு இணையதளம் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். கன்னியாகுமரியில் ஒரு தங்கும் விடுதி, மார்த்தாண்டத்தில் ஒரு தேன் கடை, தோவாளையிலிருந்து வெளியூர்களுக்குப் பூ அனுப்பும் ஒரு வியாபாரி, ஒரு பள்ளி என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தளங்கள் என் பொறுப்பில் உள்ளன. ‘எத்தனை தளம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்’ என்று விற்கப்பட்ட ஷேர்டு பிளான் (ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் திட்டம்) ஒன்றில் இவை அனைத்தும் இருந்தன. இப்போது வேறொரு நிறுவனத்தின் ரீசெல்லர் பிளானில், அதாவது மொத்தமாக இடம் வாங்கித் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்துக்கொள்ளும் திட்டத்தில், இருக்கின்றன.

முந்தைய பிளானில் அளவில்லாதது டொமைன்களின் எண்ணிக்கை மட்டுமே. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பயன்படுத்தும் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சர்வர்களில் ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, நினைவகம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிராசஸ்கள் (இயங்கும் வேலைகள்) ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு. ஒரு கணக்கில் எத்தனை தளங்கள் இருந்தாலும் அந்த ஒரே வரம்பைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் குமரிக்கு வரத் தொடங்கியதும் விடுதித் தளத்தில் கூட்டம் ஏறும். அதே கணக்கில் இருந்த பள்ளியின் தளமோ 508 என்ற, வரம்பு தீர்ந்ததைச் சொல்லும் பிழையைக் காட்டிக்கொண்டு நிற்கும். இடம் பாதிக்கு மேல் காலியாக இருந்தபோதே ஐநோட் எண்ணிக்கை சிவப்புக்கோட்டைத் தொட்டிருந்தது. ஐநோட் என்பது கோப்புகளின் எண்ணிக்கை. பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அதில் சேரும், தளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஏற்றும் ஒரு படம் பல அளவுகளில் வெட்டப்பட்டுப் பல கோப்புகளாகச் சேரும். விற்பனைப் பக்கத்தில் இந்த எண்ணைப் பெரும்பாலும் காண முடியாது. விதிமுறைகளுக்குள் தேடிப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை பாதுகாப்பில் இருந்தது. பத்துக் கடைகளுக்கும் ஒரே சாவி என்பது போல, எல்லாத் தளங்களும் ஒரே பயனரின் கோப்புறைக்குள் கிடந்தன. தேன் கடைத் தளத்தில் பழைய பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) ஒன்றின் வழியே நுழைந்தவர்கள், படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் கோப்புறையில் சர்வரில் கட்டளைகளை இயக்கக்கூடிய ஒரு பிஎச்பி நிரல் கோப்பை வைத்துவிட்டார்கள். அதே கோப்பு பள்ளித் தளத்திலும் பூ வியாபாரியின் தளத்திலும் முளைத்திருந்தது. கிளவுட்லினக்ஸின் கேஜ்எஃப்எஸ் போன்ற தடுப்பு ஏற்பாடுகள் ஒரு கணக்கை மற்றொரு கணக்கிலிருந்து பிரிக்குமே தவிர, ஒரே கணக்கில் உள்ள தளங்களைப் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதில்லை.

ரீசெல்லர் பிளானில் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கணக்கு, தனி வரம்பு, தனிக் கடவுச்சொல். வாடிக்கையாளர் விலக நினைத்தால் அவருடைய தளம், தரவுத்தளம், மின்னஞ்சல் அனைத்தையும் ஒரே பேக்கப் கோப்பாகக் கையில் கொடுத்துவிடலாம். கணக்குத் தீர்க்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும். விலைதான் சற்றுக் கசக்கிறது. 2019ஆம் ஆண்டு முதல், ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் தன் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வசூலிப்பதால், கணக்கு கூடக்கூடச் செலவும் கூடுகிறது. அதற்கு மாற்றான டைரக்ட்அட்மின் உள்ள பிளான்கள் மலிவு; பழகிக்கொண்டால் குறையொன்றும் இல்லை. முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பாராமல் புதுப்பிக்கும் விலையையும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தகவலை மறைகுறியாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

சர்வர் மும்பையில் இருப்பது எனக்குப் பொருந்தி வருகிறது. குமரி மாவட்டத்துத் தளங்களை உள்ளூரார் பார்க்கும் அளவுக்கு வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்களும் பார்க்கிறார்கள். இரு சாராருக்கும் அமெரிக்க சர்வரைவிட மும்பை அருகில் இருக்கிறது.

மின்னஞ்சல் விஷயத்தில் இந்தப் பிளானும் பழையதைவிடச் சிறந்ததன்று. கணக்குகள் தனித்தனி என்றாலும் சர்வரின் அடையாள எண்ணான ஐபி முகவரி பொதுவானது; முன்பின் அறியாத ஒருவர் அதே சர்வரிலிருந்து குப்பை அஞ்சல் அனுப்பினால் நம் விடுதியின் முன்பதிவு உறுதிச் செய்தியும் ஸ்பேமில் விழும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (அஞ்சல் உண்மையான அனுப்புநரிடமிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் முறைகள்) விதிகளை இறுக்கியிருப்பதால், அஞ்சலை மட்டும் பிரித்துத் தனி அஞ்சல் சேவையில் வைத்துவிட்டேன்.

இந்தச் செலவுக்கு ஒரு விபிஎஸ் (நாமே பராமரிக்கும் தனி மெய்நிகர் சர்வர்) எடுக்கலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தை அறிந்தவருக்கு அது வேகமானதும் மலிவானதுமான வழியே. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இம்மாவட்டத்தின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படியொரு வாரத்தில் சர்வர் மும்பையில் பத்திரமாக ஓடினாலும், அதைக் கவனிக்க வேண்டிய ஒரே ஆள் வடசேரியில் கைப்பேசிக்குச் சார்ஜ் தேடி அலைந்துகொண்டிருப்பார். தனியாளாகத் தொழில் செய்பவர், சர்வரைக் கவனிக்கும் பொறுப்பை நிறுவனத்திடமே விட்டு, அதற்கான கூடுதல் தொகையைக் கொடுப்பதே நல்லது.

இரண்டு மூன்று தளங்கள், அனைத்தும் ஒரே உரிமையாளருடையவை என்றால் ஷேர்டு பிளானே போதும். அடுத்தவருடைய தளம் ஒன்று சேர்ந்தாலும் தனிக் கணக்கு வாங்கிவிட வேண்டும். இந்நிறுவனம் தரும் பேக்கப் ஏழு நாட்களுக்கு மேல் நிற்பதில்லை என்பதால், மாதம் ஒரு பிரதியை நானே வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.