ட்ரூப்பலும் போஸ்ட்கிரெஸும்: தமிழ்த் தளம் ஒன்றை நெடுநாள் ஓட்டியதில் கண்டவை

வலைத்தளம் கட்டும் மென்பொருளான ட்ரூப்பலை நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்தோடுதான் நிறுவுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கும் ட்ரூப்பலின் மையத்திலேயே ஆதரவு உண்டு. வேர்ட்பிரஸில் அப்படி இல்லை. சிங்கப்பூரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கும் ஒரு சமூக அமைப்பின் தளம் இந்தச் சேர்க்கையில்தான் ஓடுகிறது. உறுப்பினர் பட்டியல், நூல் பட்டியல், நிகழ்ச்சிப் பதிவு எல்லாம் அதில் அடக்கம். தமிழ்ப் பட்டியல்கள் உள்ள தளத்துக்கு இதையே தயங்காமல் பரிந்துரைப்போம். முதல் காரணம் அகரவரிசை.

ட்ரூப்பல் மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஜெனரல்-சிஐ வரிசைமுறை, தமிழை யூனிகோட் எண்படியே அடுக்கும். யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே உறுப்பினர் பட்டியலில் கனகா, கமலா, கல்யாணி, கவிதா என்று வரும். நம் அகராதி முறையில் கமலா, கல்யாணி, கவிதா, கனகா என்றல்லவா வரவேண்டும்? புள்ளியும் அப்படித்தான். அதன் எண் எல்லா மெய்களுக்கும் பின்னால் இருப்பதால் ‘அகல்’ முன்னாலும் ‘அக்கா’ பின்னாலும் போய்விடும். நூல் பட்டியலில் ஒரு தலைப்பைத் தேடுகிற மூத்த வாசகர் அகராதி முறைப்படிதான் கண்ணை ஓட்டுவார். கிடைக்காவிட்டால் அந்த நூலே இல்லை என்று நினைத்துவிடுவார்.

போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ எனும் பன்மொழி நிரல் நூலகத்தின் வரிசைமுறைகளைப் பயன்படுத்தலாம். 15-இலிருந்து முழுத் தரவுத்தளத்துக்கும் அதையே இயல்பாக வைக்கலாம். தரவுத்தளத்தை உருவாக்கும்போதே டெம்ப்ளேட்0 எனும் வெற்று வார்ப்பிலிருந்து, யூடிஎஃப்8 குறியாக்கத்தில், லொகேல் (மொழி, நாட்டு வழக்கு அமைப்பு) வழங்கி ஐசியூ, ஐசியூ லொகேல் ‘டிஏ’ என்று கொடுத்துவிடுங்கள். பின்னால் அட்டவணையின் ஒவ்வொரு பத்தியாக (நெடுவரிசையாக) மாற்றுவதும் முடியும். ஆனால் ட்ரூப்பலுக்கு அந்த மாற்றம் தெரியாது. அட்டவணையை அது மறுபடி உருவாக்கினால் மாற்றம் போய்விடும். லினக்ஸின் சொந்த லொகேல்களில் சிங்கப்பூர் ஆங்கிலம் உண்டு, சிங்கப்பூர்த் தமிழ் கிடையாது, இந்தியாவும் இலங்கையும்தான். ஐசியூ இருக்கும்போது அது ஒரு குறையே இல்லை.

ட்ரூப்பல் 11-க்கு போஸ்ட்கிரெஸ் 16 வேண்டும். ட்ரூப்பல் 10-இலிருந்தே, சொல்லை மூன்று மூன்று எழுத்தாக வெட்டித் தேட உதவும் ட்ரைகிராம் எக்ஸ்டென்ஷன் கட்டாயம். எழுத்துவகை லொகேலை வெறும் ‘சி’ என்று விட்டுவிட்டால் அந்த எக்ஸ்டென்ஷன் தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே மதிக்காது. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அது தரும் ட்ரைகிராம் பட்டியல் காலியாக இருக்கும். நிறுவியதும் முதல் வேலையாக இதைச் சோதித்துப் பாருங்கள்.

தேடலில் இன்னொரு நன்மை. போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பிலிருந்து ‘டமில்’ என்ற பெயரில் ஒரு தேடல் அமைப்பு கூடவே வருகிறது. வேற்றுமை உருபு, பன்மை விகுதி போன்றவற்றை வெட்டிவிட்டு அடிச்சொல்லை வைத்துத் தேடும். கட்டுரை உடல் இருக்கும் பத்திக்கு இந்த அமைப்பின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிட்டு ஒரு ஜின் இண்டெக்ஸ் (சொல் தேடலுக்கான சுட்டி அட்டவணை) போடவேண்டும். தேடும் வினவலிலும் இண்டெக்ஸில் எழுதிய அதே கோவையை எழுதவேண்டும், இல்லையென்றால் இண்டெக்ஸ் பயன்படாது. ஆள் பெயர்களுக்கு மட்டும் விகுதி வெட்டாத ‘சிம்பிள்’ அமைப்பையே வையுங்கள். விகுதி வெட்டுகிற கருவிக்குப் பெயர் எது, சாதாரணச் சொல் எது என்று தெரியாது.

இனி, கவனம் தவறினால் உண்மையிலேயே அடிவிழும் இடம்: இயங்குதள மேம்பாடு. இண்டெக்ஸ் எந்த வரிசைமுறையில் கட்டப்பட்டதோ, அந்த வரிசைமுறையின் பதிப்பு மாறிவிட்டால் இண்டெக்ஸ் பொய்யாகிவிடும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 வந்தபோது பல தளங்களில் இது நடந்தது. ஐசியூ பதிப்பு மாறினாலும் நடக்கலாம். தளம் விழுந்துவிடாது, அதுதான் ஆபத்து. இருக்கிற பயனரை இல்லை என்று சொல்லும். ஒரே பெயரில் இரண்டு கணக்கு உருவாக இடம் கொடுக்கும். வரிசைமுறைப் பதிப்பு பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை பதிவேட்டில் வந்தால், முதலில் தரவுத்தளம் முழுவதையும் ரீஇண்டெக்ஸ் செய்து, பிறகுதான் பதிப்பைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுக்கவேண்டும். மாற்றிச் செய்தால் எச்சரிக்கை மட்டும் மறையும், பழுது அப்படியே இருக்கும். மென்பொருளைப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் இமேஜின் பெயர் அடையாளத்தில் டெபியன் பதிப்பையும் சேர்த்துக் குறிப்பிட்டுவிட்டால் இது தெரியாமல் நுழையாது.

அடுத்தது கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) அட்டவணைகள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி செத்த வரியாகத் தங்கும். அவற்றைத் துப்புரவு செய்யும் தானியங்கி வேக்யூம் இயல்பாக ஐந்தில் ஒரு பங்கு வரிகள் செத்த பிறகே தொடங்கும். உருவாக்கிய பக்கத் துண்டுகளை வைக்கும் ரெண்டர் கேஷுக்கு அது மிகத் தாமதம். அந்த அட்டவணைகளுக்கு மட்டும் அளவை 0.02 ஆக்குங்கள். பெரிய மதிப்புகள் இருக்கும் டோஸ்ட் எனும் துணை அட்டவணைக்குத் தனியாக எதுவும் கொடுக்காவிட்டால் இதே அளவையே அது எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே வீங்கியிருந்தால் முழு வேக்யூம் எதற்கு? கேஷ்தானே, டிரங்கேட் செய்தால் (அட்டவணையைக் காலி செய்தால்) இடம் உடனே திரும்பும். கேஷை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வெளி மாட்யூல்களில் அடிக்கடி இடறுவது, எழுத்துவகைப் பத்தியில் சேமித்த அடையாள எண்ணை முழுஎண் பத்தியோடு ஒப்பிடும் இணைப்பு. மைஎஸ்கியூஎல் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸ் அப்படியொரு ஒப்பீட்டுக் குறியே (ஆபரேட்டர்) இல்லை என்று நிறுத்திவிடும். பரிவர்த்தனைக்குள் ஒரு வினவல் தோற்றால் பின்னால் வரும் அத்தனையும் தோற்கும். ஆகவே பதிவேட்டில் முதல் பிழையைத்தான் பார்க்கவேண்டும், கடைசிப் பிழையை அல்ல. மாட்யூலை ஏற்றுமுன் அதன் பிழைப் பட்டியலில் போஸ்ட்கிரெஸ் என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

தீபாவளி நிகழ்ச்சிக்குப் பதிவு திறக்கும் நேரத்தில் இணைப்புகள் தீர்ந்துபோகாமல் இருக்க ஒரு கணக்கு: இயல்பான உச்சவரம்பு 100, அதில் 3 நிர்வாகிக்கு. இரண்டு வலைச் சேவையகங்களிலும் பிஎச்பி-எஃப்பிஎம் பிள்ளைகள் (பக்கக் கோரிக்கைகளைக் கவனிக்கும் செயல்முறைகள்) தலா 50 என்று வைத்தால் மீறிவிடும். 40 வைத்தால் கிரானுக்கும் (நேரப்படி தானாக ஓடும் வேலைகளுக்கும்) காப்பெடுப்புக்கும் இடம் இருக்கும்.

காப்பை ட்ரூப்பலின் கட்டளைக் கருவியான ட்ரஷ் வழியாக எடுக்கும்போது உள்ளே ஓடுவது போஸ்ட்கிரெஸின் பிஜி-டம்ப். அது சேவையகத்தைவிடப் பழைய பதிப்பாக இருந்தால் மறுத்துவிடும். ஆகவே தரவுத்தளத்தை மேம்படுத்தும் அன்றே வலைச் சேவையகத்திலும் கிளையன்ட் தொகுப்பை ஏற்றிவிட்டு, அன்றிரவுக் காப்பு உண்மையில் வந்திருக்கிறதா என்று கோப்பைத் திறந்து பாருங்கள்.